பின்சுவரில் முடிந்த வழி

"சேருமிடம் வந்துவிட்டது" என்றது, கண் தெரியாத எனக்கு வழி சொல்லும் கருவி. கோலை நீட்டினேன், சுவர். இரண்டடி வலப்பக்கம் நகர்ந்து தட்டினேன், அங்கேயும் சுவர். உள்ளே அத்தை பாத்திரம் கழுவும் சத்தம் தெளிவாகக் கேட்கிறது, உள்ளே போகத்தான் வழியில்லை. ஆறு வருடம் கழித்து ஊருக்கு வந்து, வெயிலில் 20 நிமிடம் அப்படியே நின்றேன்.

சின்ன வயதில் இதே வீட்டுக்குத் தனியாகத்தான் வருவேன். அடிபம்புச் சத்தம் கேட்டால் இடதுபக்கம் திரும்பணும், காலடியில் மண் போய் சிமென்ட் வந்தால் மூன்றாவது கேட். பாட்டி நாலு நாள் கூடவே நடந்து சொல்லிக் கொடுத்த வழி அது. இப்போது பம்பு இல்லை, தெரு முழுக்கச் சிமென்ட். அதனால்தான் கருவியை நம்பினேன்.

நான் வசிக்கும் நாட்டில் இதே கருவி தெருப் பெயர், கதவு எண், அடுத்த சந்திப்பு என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடும். இங்கே வழி முழுக்க "பெயரில்லாத சாலை, பெயரில்லாத சாலை" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னது. கேட்கக் கேட்க எரிச்சலாக வந்தது. நான் பெயர் சொல்லிச் சொல்லி வளர்ந்த தெருக்கள் அவை!

இடம் காட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் மேல் தப்பில்லை. 2000 மே மாதம் வரை, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழை சேர்த்து வந்தது. 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். இன்று திறந்த வானத்தின் கீழ் போன்கூட ஏறக்குறைய 5 மீட்டருக்குள் காட்டிவிடும். பிரச்சினை வரைபடத்தில். வீட்டைக் குறிக்கும் புள்ளி பெரும்பாலும் அதன் நடுவில் இருக்கும், வாசல் எந்தப் பக்கம் என்பது அதில் இருக்காது. புள்ளிக்கு எந்தச் சாலை கிட்டமோ அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். அத்தை வீட்டுக்குப் பின்சந்துதான் கிட்டம். பார்வை உள்ளவர் ஒரு நொடியில் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போய்விடுவார். எனக்கு அந்தக் கடைசி 5 மீட்டர்தான் முழுப் பயணமே.

நின்ற இடத்திலேயே அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்ததும் என் தவறு. நிற்கிற ஆள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்று ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியாது. பத்தடி நேராக நடந்தால்தான் திசை பிடிபடும். பதற்றத்தில் அது மறந்துபோனது.

கடைசியில் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். அத்தை ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டா, ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேன்ல?" வந்திருப்பாள்தான். அந்த வாசலுக்கு நானே நடந்து வரணும் என்று ஆறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன், அதை எப்படிச் சொல்வது?

மறுநாள் காலையில் கேட்டின் கொண்டியில் கையை வைத்தபடி, சிக்னல் நிலைப்பதற்காக ஒரு நிமிடம் காத்திருந்து, அந்த இடத்தைக் கருவியில் குறித்தேன். இடத்துக்கு நம் குரலிலேயே பெயர் பதிவு செய்யலாம். மைக்கை அத்தையிடம் நீட்டினேன். சாயங்காலம் தெருமுனையிலிருந்து தனியாக நடந்து வந்தேன். கேட்டுக்கு நாலடி முன்னால் காதில் அத்தை குரல்: "இங்கதான்டா, வா."