இட்லிக்கு வீடு, வடைக்கு ஓட்டல்: சனி ஞாயிறு டிபன் அலசல்

லீவு நாள் டிபனை வீட்டிலேயே சாப்பிடுவதா, ஓட்டலுக்குப் போவதா? கேட்டால் சட்டென்று வரும் பதில், உடம்புக்கு வீடு, நாக்குக்கு ஓட்டல் என்பது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சென்னையில் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கமே சாப்பிட்டுப் பழகிய எனக்கு, பண்டத்துக்குப் பண்டம் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல முடிகிறது.

இட்லி என்றால் வீடுதான். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் அரைத்து வைத்தால் சனிக்கிழமை காலைக்கு மாவு தயார். மே மாதச் சென்னையில் சீக்கிரமே பொங்கிவிடும், மார்கழியில் இன்னும் சில மணி நேரம் பிடிக்கும். பொங்கிய மாவை அடியோடு கலக்காமல் மேலாக அள்ளி, துணி போட்ட தட்டில் ஊற்றி, வெந்த கையோடு தட்டில் போட்டுக்கொள்ளும் சுகம் ஓட்டலில் கிடைப்பது அரிது. அங்கே காலை முழுக்க வியாபாரம் ஓட வேண்டும். வெந்த இட்லி பாத்திரத்தில் காத்திருக்கும், வியர்த்து அடிப்பக்கம் ஈரமாகிவிடும். 1948இல் தொடங்கிய திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அங்கே இட்லி மூழ்கும் அளவுக்குச் சாம்பாரை ஊற்றுவார்கள். நாம் போவதே அந்தச் சாம்பாருக்காகத்தான்.

தோசையில் கணக்கு மாறும். முறுகல் ரோஸ்ட் வேண்டுமென்றால் ஓட்டலுக்குப் போய்விடுங்கள். அந்தத் தடித்த பெரிய இரும்புக் கல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். தண்ணீர் தெளித்துத் துடைத்து மாவை ஊற்றினாலும் சூடு இறங்காது. வீட்டுக் கல் மெலிசு, ஒவ்வொரு தோசைக்கும் சூடு ஏறி இறங்கும். ஆனால் அதே வீட்டுக் கல்லில், ஞாயிற்றுக்கிழமை சற்றே புளித்த மாவைக் கனமாக ஊற்றி, நல்லெண்ணெய் விட்டு, மூடி போட்டு எடுக்கும் கல்தோசைக்கு மிளகாய்ப்பொடி சேர்ந்தால் எனக்கு ரோஸ்ட் இரண்டாம் பட்சம்தான்.

வடை முழுக்க முழுக்க ஓட்டலுக்கு. உளுந்தை ஊறவைத்து, தண்ணீரை அளந்து தெளித்து அரைத்து, உடனே சுட வேண்டும். மாவு கொஞ்சம் இளகினாலும் எண்ணெய் குடிக்கும். வீட்டில் நாலு வடை சுட்டதும் மீதி எண்ணெயை என்ன செய்வது என்ற கேள்வி வேறு. மயிலாப்பூர் ராயர் மெஸ் மாதிரி சின்ன இடங்களில் சுடச்சுட வரும் வடைக்காகக் காத்திருப்பது வீண் இல்லை. எண்ணெயை மட்டும் கவனியுங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில், எண்ணெய் கெடும்போது உண்டாகும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது. அதை நாம் அளக்க முடியாது. ஆனால் எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்தால் வடை வேண்டாம் என்று எழுந்துவிடலாம்.

பொங்கல் எங்கே சாப்பிட்டாலும் நேரம்தான் முக்கியம். ஆறினால் இறுகிவிடும். ஓட்டல் என்றால் எட்டு மணிக்குள் போங்கள். காபிக்கு என் ஓட்டு வீட்டுக்கு. பீபெரி காபிக்கொட்டை, சிக்கரி விகிதத்தை நமக்குப் பிடித்தபடி சொல்லி அரைத்த பொடி, அப்போது இறங்கிய முதல் டிகாஷன், அப்போது காய்ந்த பால்: மூன்றும் சேர்ந்தால் போதும்.

ருசியைவிட நான் பெரிதாக நினைப்பது, யார் அடுப்படியில் நிற்பது என்பதை. ஐந்து நாளும் ஆறு மணிக்கு எழுந்து டப்பா கட்டிய அம்மாவோ மனைவியோ, ஞாயிற்றுக்கிழமையும் எல்லோருக்கும் சுட்டுப் போட்டுவிட்டுக் கடைசித் தோசையை ஆறிய சட்னியோடு சாப்பிடுவது நியாயமே இல்லை. அந்த வீட்டுக்கு ஓட்டல்தான் சரி, செலவானாலும் பரவாயில்லை. மற்றவர்கள் அரைத்து, ஊற்றி, பாத்திரமும் தேய்க்கத் தயார் என்றால் வீடு. நான் சொல்வது, சனிக்கிழமை வீட்டு இட்லி, ஞாயிற்றுக்கிழமை வெளியே.

முழங்கால் வலியோடு பெரியவர்கள் இருக்கும் வீடுகளில், கூட்ட நேரத்தில் மேசைக்காக நின்று காத்திருப்பது சிரமம். பார்சல் வாங்கலாம், ஆனால் ரோஸ்ட் வேண்டாம், வீடு வருவதற்குள் துவண்டுவிடும். வடையை மட்டும் வாங்கி வந்து, வீட்டில் கொதிக்கும் சாம்பாரில் பத்து நிமிடம் ஊறப் போடுங்கள். எப்படியும் மொறுமொறுப்பு போயிருக்கும், ஊறினால் நஷ்டம் ஒன்றும் இல்லை.