அப்வர்ட் பொத்தானை அழுத்தும் முன்: டிஎன்இஏ கலந்தாய்வுத் தளம் எப்படி இருக்கிறது?

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடலாம். தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக்கான டிஎன்இஏ இணையவழிக் கலந்தாய்வு நம்பகமான சேவை. சிபாரிசு எடுபடாது, தரவரிசை மாறாது. ஆனால் அது ஈவு இரக்கம் பார்க்காத சேவையும்கூட. விருப்பப் பட்டியலில் கல்லூரிகளையும் பாடங்களையும் எந்த வரிசையில் எழுதிக் கொடுத்தீர்களோ, அந்த வரிசையை எழுத்து பிசகாமல் நிறைவேற்றும். மனதில் நினைத்தது வேறு என்று பிறகு சொன்னால் கேட்க ஆளில்லை. ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். குறையும் அந்த ஒன்று எங்கே போனது என்பதுதான் இந்த மதிப்பீட்டின் பெரும்பகுதி.

2018க்கு முன்பு வரை மாணவரும் பெற்றோரும் கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்கு நேரில் வந்து, திரையில் காலியிடம் பார்த்து, நின்ற இடத்திலேயே கல்லூரியைச் சொல்ல வேண்டும். 2018ல் கலந்தாய்வு இணையத்துக்கு மாறியது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. பஸ் செலவும் ராத்தங்கலும் மிச்சம். பழைய முறையில் உங்கள் முறை வரும்போது என்ன காலியாக இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு முடிவு செய்தீர்கள். இப்போது பார்க்காமலே முன்கூட்டி எழுதிக் கொடுக்கிறீர்கள். பிழைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முளைக்கின்றன.

பதிவு செய்வது சுலபம். கட்டணம் 500 ரூபாய், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 250. சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஏற்றினால் உதவி மையமான டிஎஃப்சியில் சரிபார்ப்பார்கள். இங்கே ஒரே ஒரு எச்சரிக்கை: பிரவுசிங் சென்டர்க்காரரின் செல்பேசி எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். ஓடிபி எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் போகும். விருப்பப் பட்டியலை இறுதி செய்து பூட்டவேண்டிய கடைசி மணி நேரத்தில் அவர் கடையைச் சாத்தியிருந்தால் உங்கள் கணக்கே உங்களுக்குத் திறக்காது. அப்பா வெளியூரில் வேலை பார்க்கிறார் என்றால் அவர் எண்ணும் வேண்டாம். கலந்தாய்வு முடியும்வரை மாணவர் கையில் இருக்கும் எண்தான் சரி.

கட்-ஆஃப் கணக்கு தெரிந்ததுதான்: கணிதம் 100க்கு, இயற்பியல் 50க்கு, வேதியியல் 50க்கு, ஆக மொத்தம் 200. கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 90 என்றால் 92, 44, 45 கூட்டி 181. கணிதத்தில் ஒரு மதிப்பெண் மற்ற பாடத்தின் இரண்டு மதிப்பெண்ணுக்குச் சமம் என்பதால் மறுமதிப்பீட்டுக்குப் போகலாமா என்று யோசிப்பவர்கள் கணிதத் தாளிலிருந்து தொடங்குவது நல்லது. கட்-ஆஃப் சமமாக வந்தால் முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், பிறகு இயற்பியல். எல்லாமே சமமாகிப் போனால் கடைசியில் முடிவு சொல்வது, ஒவ்வொருவருக்கும் கணினி குலுக்கல்போலத் தரும் பத்து இலக்க ரேண்டம் எண். அந்த எண்ணை வைத்து ஜாதகம் பார்க்கிறவர்கள் உண்டு. அவ்வளவு தூரம் அது பெரும்பாலோருக்கு வேலைக்கு வராது.

இனி விருப்பப் பதிவு. தரவரிசைப்படி மாணவர்களைச் சில சுற்றுகளாகப் பிரித்து, சுற்றுக்கு மூன்று நாள் தருவார்கள். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் எழுதலாம், உச்சவரம்பு இல்லை. ஆனாலும் இருபதோடு நிறுத்திக்கொள்வது ஒரு வழக்கமான தவறு. "அதுக்கு மேல கிடைச்சா போகவா போறோம்" என்பார்கள். பட்டியல் தீர்ந்துவிட்டால் உங்கள் பெயருக்கு நேரே ஒதுக்கீடு இல்லை என்று வரும். அடுத்த சுற்றில் எஞ்சிய இடங்கள்தான் மிச்சம். போக மனமில்லாத கல்லூரியை எழுத வேண்டாம். ஆனால் மனமிருக்கும் கடைசிக் கல்லூரிவரை எழுதுங்கள்.

முந்தைய ஆண்டில் ஒவ்வொரு கல்லூரியிலும் கடைசியாக இடம் பெற்றவரின் கட்-ஆஃப்பை வைத்துத்தான் எல்லோரும் பட்டியல் போடுகிறார்கள். மதிப்பெண்ணைப் பார்ப்பதைவிடத் தரவரிசையைப் பார்ப்பது மேல். தேர்வு எளிதாக இருந்த ஆண்டில் 185 வாங்கியவரும் கடினமாக இருந்த ஆண்டில் 185 வாங்கியவரும் வரிசையில் ஒரே இடத்தில் நிற்கமாட்டார்கள். 2021 விவரத்தை அடியோடு ஒதுக்கிவிடுங்கள். அந்த ஆண்டு பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50, பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டின் செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 விழுக்காடு என்று மதிப்பெண் போட்டார்கள்.

இன்னொன்று: பிசி, எம்பிசி மாணவர்கள் கட்-ஆஃப் அட்டவணையில் தங்கள் வகுப்புப் பத்தியை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இடங்களில் 31 விழுக்காடு பொதுப்பிரிவு. அது எல்லா வகுப்பினருக்கும் திறந்தது. உங்கள் முறை வரும்போது பட்டியலின் முதல் விருப்பத்தில் பொது இடம் இருக்கிறதா, இல்லையென்றால் உங்கள் வகுப்பு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த விருப்பத்துக்கு இறங்கும். எனவே இரண்டு பத்தியையும் பார்க்க வேண்டும்.

பாடப்பிரிவுக் குறியீட்டில் ஏமாறுவது அடுத்த வகை. கோவை பிஎஸ்ஜி டெக், மதுரை தியாகராசர் போன்ற அரசு உதவிபெறும் கல்லூரிகளில் சில பாடங்களுக்குப் பெயருக்குப் பின்னால் எஸ்எஸ் என்று போட்டிருக்கும். அது சுயநிதிப் பிரிவு. கல்லூரி அதேதான், கட்டணம் வேறு. அதேபோல கிண்டி வளாகத்திலும் உறுப்புக் கல்லூரிகளிலும் சிவில், மெக்கானிக்கலில் தமிழ்வழிப் பிரிவு தனிக் குறியீட்டில் வரும். விரும்பி எடுத்தால் நல்லது. கவனிக்காமல் எடுத்துவிட்டு ஆகஸ்டில் திகைப்பதில் பயனில்லை. சிஎஸ்இ (கணினி அறிவியல்) வேண்டும் என்பவர்கள் ஐடி, ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி எல்லாம் தனித்தனிக் குறியீடு என்பதை மறந்து ஒரே ஒரு வரியோடு அடுத்த கல்லூரிக்குத் தாவிவிடுவதும் நடக்கிறது.

கடைசி நாள் மாலைக்குள் பூட்டவில்லை என்றால் என்ன இருக்கிறதோ அது தானாகப் பூட்டிக்கொள்ளும். பாதி அடுக்கிய பட்டியலும் பூட்டிய பட்டியல்தான். முதல் நாளே ஒரு முழுப் பட்டியலைச் சேமித்துவைத்துவிட்டு, மீதி இரண்டு நாளில் மேலும் கீழுமாக மாற்றிக்கொண்டிருங்கள்.

பிறகு தற்காலிக ஒதுக்கீடு வரும். முடிவு சொல்ல இரண்டு நாள் அவகாசம். வீட்டில் தூக்கம் போகும் இரண்டு நாள் இதுதான். திரையில் வரும் தேர்வுகள் சுருக்கமாக இவை: ஏற்றுக்கொண்டு சேர்வது, ஏற்றுக்கொண்டு மேலே முயல்வது, மறுத்துவிட்டு மேலே முயல்வது, மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவது, வெளியேறிவிடுவது. இரண்டாவதாக இருப்பதுதான் அக்செப்ட் அண்ட் அப்வர்ட். தளத்தின் ஆகச் சிறந்த வசதி அதுதான், மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் அதுதான்.

அது இப்படி வேலை செய்கிறது. கிடைத்த இடத்தை வைத்துக்கொண்டு உதவி மையத்தில் கட்டணம் கட்டுகிறீர்கள். சேர்வதாகச் சொன்னவர்களில் சிலர் குறித்த நாளுக்குள் போய்ச் சேரமாட்டார்கள். மருத்துவமோ என்ஐடியோ கிடைத்திருக்கும். அந்த இடங்கள் காலியானதும், மேலே முயல்வதாகச் சொன்னவர்களுக்குத் தரவரிசைப்படி போகும். உங்கள் பட்டியலில் இப்போதிருப்பதற்கு மேலே உள்ள ஏதாவது ஒன்று திறந்தால் அது உங்களுக்கு. திறக்காவிட்டால் பழைய இடமே உறுதி. இடம் மாறினால் கட்டிய பணமும் புதிய கல்லூரிக்கு மாறும்.

பொறி எங்கே? மேலே போனால் திரும்பி வர முடியாது. ஒரு மாணவிக்கு ஒன்பதாவது விருப்பம் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து அரை மணி நேரம், நல்ல இசிஇ (மின்னணுவியல்) துறை, எல்லோருக்கும் சந்தோஷம். நான்காவது இடத்தில், தோழி சொன்னாள் என்பதற்காக, முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கல்லூரியை எழுதியிருக்கிறாள். "மேல கிடைச்சா நல்லதுதானே" என்று அப்வர்டை அழுத்துகிறார்கள். நான்காவது திறக்கிறது. ஒன்பதாவது போய்விட்டது. தளத்தின் மேல் தப்பில்லை. நான்காவதைத்தான் அதிகம் விரும்புவதாக அவளே எழுதிக் கொடுத்திருக்கிறாள். அந்த நேரத்தில் பட்டியலைத் திருத்தவும் வழியில்லை. ஆகவே அப்வர்ட் அழுத்தும் முன் கிடைத்த இடத்துக்கு மேலே உள்ள ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்து, "இது வந்தால் இப்போதிருப்பதை விட்டுவிட்டுப் போவோமா?" என்று கேளுங்கள். ஒரே ஒரு வரிக்கு இல்லை என்று பதில் வந்தாலும் ஏற்றுக்கொண்டு சேர்ந்துவிடுங்கள்.

மறுத்துவிட்டு மேலே முயல்வது என்பது கையில் இருப்பதை விட்டுவிட்டுப் பறப்பதைப் பிடிக்கிற வேலை. கிடைத்த கல்லூரிக்கு எப்படியும் போகமாட்டோம் என்றால் மட்டுமே.

ஐஐடி, என்ஐடிக்கான ஜோசா கலந்தாய்வோடு ஒப்பிட்டால் குறை பளிச்சென்று தெரியும். அங்கே ஃப்ரீஸ், ஃப்ளோட், ஸ்லைடு என்று மூன்று. ஃப்ரீஸ் போட்டால் கிடைத்த இடமே முடிவு. ஃப்ளோட் போட்டவருக்குச் சுற்றுக்குச் சுற்று மேலே போக வாய்ப்பு உண்டு. ஸ்லைடு போட்டால் அதே கல்லூரிக்குள் மட்டும் பாடம் மாறும். டிஎன்இஏவில் மேலே போகும் வாய்ப்பு அந்தச் சுற்றோடு சரி. முதல் சுற்றில் உறுதியானவருக்கு இரண்டாம் சுற்றில் விழும் காலியிடத்தால் பயனில்லை. கல்லூரி மாறாமல் பாடம் மட்டும் மாற்றிக்கொள்ளும் வழியும் இல்லை. நான் பிடித்த ஒரு மதிப்பெண் இதற்குத்தான்.

கலந்தாய்வு தொடங்கும் முன்பே நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பணம் கட்டச் சொல்லி நெருக்கும். கையில் ஒன்று இருக்கட்டும் என்று கட்டுகிறவர்கள், உயர்கல்வியை ஒழுங்குபடுத்தும் யுஜிசி, ஏஐசிடிஇ அமைப்புகளின் விதிகளைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். குறித்த தேதிக்குள் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். அந்தத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. விலகும் கடிதத்தை எழுத்தில், தேதியோடு, மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது.

இரண்டு கல்லூரிக்கு நடுவே திண்டாடுபவர்களுக்கு: நாக் தரச்சான்று கல்லூரிக்கு, என்பிஏ அங்கீகாரம் பாடப்பிரிவுக்கு. உங்களுக்கு வேண்டிய துறைக்கு என்பிஏ இருக்கிறதா என்று பாருங்கள். வாயிலில் தொங்கும் பேனரில் கல்லூரியின் தரம்தான் இருக்கும். அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் செமஸ்டர் தேர்ச்சி விழுக்காடு, இணைப்புக் கல்லூரிகளை ஒப்பிட உதவும். தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வை அவையே நடத்துவதால் அவற்றை இதே தராசில் நிறுக்க முடியாது. பிளேஸ்மென்ட் எண்ணிக்கை சொன்னால், எந்தத் துறையில், எத்தனை பேரில் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஒரே மாணவர் வாங்கிய மூன்று ஆஃபரை மூன்று வேலையாக எண்ணியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் படித்ததற்குச் சான்று வேண்டும், ரிசல்ட் வரும் முன்பே வாங்கி வையுங்கள்.

உறுதி ஆணை வந்தபின் கல்லூரியில் சேரத் தரும் நாட்கள் மிகக் குறைவு. தேதி ஆணையிலேயே இருக்கும். அதற்குள் சேராவிட்டால் இடம் ரத்து. பணம் கட்டி ரசீது வாங்கியதோடு கிளம்பிவிடாதீர்கள். நீங்கள் சேர்ந்ததைக் கல்லூரி டிஎன்இஏ தளத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாவிட்டால் தளத்தின் பார்வையில் நீங்கள் சேராதவர், அந்த இடம் அப்வர்ட் வரிசையில் நிற்கும் ஒருவருக்குப் போய்விடலாம். அலுவலகக் கவுன்ட்டரை விட்டு நகரும் முன் திரையில் உங்கள் பெயருக்கு நேரே என்ன காட்டுகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.