சம்பா கோதுமையைக் கொடுத்துவிட்டு ‘குளூட்டன் ஃப்ரீ’ என்கிறார்கள், ஜாக்கிரதை

சீலியாக் நோய் உள்ளவர்களும் வீட்டில் அப்படி ஒரு குழந்தை இருப்பவர்களும் இதைப் படித்துவிடுங்கள். சிறுதானிய உணவகம், ஆர்கானிக் கடை என்று போர்டு மாட்டியிருந்தால் அங்கே கோதுமை இருக்காது என்று நம்பிவிட வேண்டாம். போன மாதம் கோவையில் ஒரு சிறுதானிய உணவகத்தில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

எனக்கு இந்த நோய் இருப்பதே ரத்தசோகையால்தான் தெரிந்தது. இரும்புச்சத்து மாத்திரையை எவ்வளவு விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. டிடிஜி என்கிற ரத்தப் பரிசோதனை, அப்புறம் எண்டோஸ்கோப்பி, பயாப்ஸி எல்லாம் முடிந்த பிறகுதான் டாக்டர் விஷயத்தைச் சொன்னார். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் என் உடம்பின் எதிர்ப்பு சக்தி என் சிறுகுடலையே தாக்கும். சத்தை உறிஞ்ச வேண்டிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகிவிடும். இதற்கு மருந்து கிடையாது. ஆயுசுக்கும் குளூட்டனைத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம்.

அந்தக் கடை வாசலிலேயே ‘மைதா இல்லை, சீனி இல்லை, குளூட்டன் ஃப்ரீ’ என்று பெரிதாக எழுதியிருந்தது. இருந்தாலும் ஆர்டர் கொடுக்கும் முன் கல்லாவில் உட்கார்ந்திருந்த ஓனரிடமே கேட்டேன். “கோதுமை, ரவை, மைதா எதுவும் எனக்கு ஆகாதுங்க. டயட்டுக்காகக் கேக்கல, வியாதி. எதுல இருக்குன்னு மட்டும் சொல்லிருங்க.”

“நம்ம கடையில எல்லாமே குளூட்டன் ஃப்ரீதானுங்க்கா. தைரியமாச் சாப்பிடுங்க.”

கம்பு சப்பாத்தி சொன்னேன். கம்பு மாவைப் பிசைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், வெந்நீர் ஊற்றிப் பிசைந்தாலும் ஓரமெல்லாம் வெடிக்கும். கட்டையால் தேய்த்தால் பிய்ந்துவிடும், கையால் தட்டித்தான் எடுக்க வேண்டும். இங்கே தட்டில் வந்ததோ நாலாக மடித்த மெத்தென்ற சப்பாத்தி. நான் ஒன்றைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் என் வீட்டுக்காரர் தன் தட்டில் இருந்ததைப் பிய்த்துப் பார்த்தார். உடையவில்லை. இழுத்த பக்கம் கொஞ்சம் நீண்டு, அதற்குப் பிறகுதான் கிழிந்தது. “நம்ம வீட்ல கம்பு இப்படி வராதே” என்றார். அந்த இழுவையே குளூட்டனின் வேலைதான்.

மாஸ்டரைக் கூப்பிடச் சொன்னோம். கையில் மாவோடு வந்தவர் ஒளிக்காமல் சொன்னார்: “வெறும் கம்புல தேய்க்க வராதுங்க்கா. பாதிக்குப் பாதி சம்பா கோதுமை போட்டாத்தான் வரும்.” அந்தக் கடையில் உண்மை பேசிய ஒரே ஆள் அவர்தான்.

ஓனர் அசரவே இல்லை. “சம்பா கோதுமை நாட்டு ரகமுங்க. அதுல குளூட்டன் கிடையாது. பஞ்சாப் கோதுமையிலதான் எல்லாப் பிரச்சினையும்” என்று எனக்கே பாடம் எடுத்தார். அவர்களே விற்கிற மல்டி மில்லட் மாவுப் பாக்கெட்டையும் அலமாரியிலிருந்து எடுத்து நீட்டினார். முன்பக்கம் பச்சை வட்டத்துக்குள் ‘குளூட்டன் ஃப்ரீ’. பின்பக்கம் சேர்மானப் பட்டியலில் முதல் பெயரே சம்பா கோதுமை. அதற்குக் கீழே, கண்ணாடி போட்டுத்தான் படிக்க முடிகிற எழுத்தில் ‘ஒவ்வாமை அறிவிப்பு: கோதுமை உள்ளது’. ஒரே பாக்கெட்டின் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பொய்யாக்குகிறது, அதை அவர் சாட்சியாக வேறு காட்டுகிறார்!

சம்பா கோதுமையும் கோதுமைதான். மகாராஷ்டிரத்தில் கப்ளி என்று சொல்கிற எம்மர் வகை இது. இதன் குளூட்டனுக்கு வலு குறைவு, அதனால் பிரட் சரியாக உப்பாது. அதற்காகக் குளூட்டனே இல்லை என்று ஆகிவிடாது. சீலியாக்காரர்களுக்கு இதுவும் விஷம்தான்.

‘கொஞ்சம்தானே’ என்பவர்களுக்காகக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். குளூட்டன் ஃப்ரீ என்று லேபிள் போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பதுதான் நம் நாட்டு விதி. ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் தொடர்ந்து உள்ளே போனாலே சீலியாக் உள்ளவர்களின் குடல் பாதிக்கப்படலாம். ஒரு சப்பாத்தியில் 15 கிராம் கோதுமை மாவு என்று வைத்தாலும் அதில் குளூட்டன் ஒரு கிராமுக்கு மேல், அதாவது 1000 மில்லிகிராமைத் தாண்டும்.

“சப்பாத்திக் காசை பில்லுல கழிச்சிடறேனுங்க்கா” என்றார் ஓனர். வேண்டாம் என்று முழுப் பணத்தையும் கொடுத்து பில்லை வாங்கிக்கொண்டேன். புகாருக்குச் சப்பாத்தி என்று பெயர் போட்ட பில் வேண்டும். மாவுப் பாக்கெட்டையும் ஒன்று விலைக்கு வாங்கினேன். அன்று ராத்திரியே வயிறு உப்பி, பேதி ஆரம்பித்துவிட்டது. அது நின்ற பிறகும் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது, வாயெல்லாம் புண்.

எழுந்து உட்கார முடிந்ததும் முதல் வேலையாக மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் (FSSAI) நடத்தும் ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ தளத்தில் புகார் போட்டேன். பில், பாக்கெட்டின் இரண்டு பக்கப் படம், அதில் அச்சிட்டிருக்கும் 14 இலக்க உரிம எண், எல்லாவற்றையும் சேர்த்துப் போடுங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். எனக்கு அதிகாரி ஒருவர் போன் செய்து விவரம் கேட்டார். மேற்கொண்டு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

இதை விடப் பரவலான ஒரு பொறி பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் அசல் பெருங்காயம் கொஞ்சம்தான், மீதி கருவேலம் பிசினும் மாவும். பல பிராண்டுகளில் அந்த மாவு மைதா. கட்டியானாலும் தூளானாலும் இதே கதைதான். அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது, டப்பாவின் பின்பக்கம் பார்த்து வாங்க வேண்டும். ஹோட்டலில் இதை யார் பார்க்கப் போகிறார்கள்? அதனால் வெளியே சாம்பார், ரசம், ஊறுகாய் மூன்றையும் நான் தொடுவதில்லை. இட்லி வாங்கி, வீட்டிலிருந்து கொண்டுபோன பொடியைத் தொட்டுக்கொள்வேன். சர்வர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

ரவா தோசை ஊற்றும் கல்லிலேயே சாதா தோசையும் ஊற்றுகிறார்கள், பூரி பொரித்த எண்ணெயிலேயே வடையும் போடுகிறார்கள். மொறுமொறுப்புக்காக ராகி தோசை மாவில் மைதா கலக்கும் கடைகளும் உண்டு. குருமாவைக் கெட்டியாக்கவும் மைதா, நூடுல்ஸில் ஊற்றும் சோயா சாஸிலும் கோதுமை.

வீட்டில் கவலை இல்லை. இட்லி, சந்தகை, அரிசியும் பருப்பும், களி, கம்பங்கூழ் என்று நம் சாப்பாட்டில் முக்கால்வாசியில் கோதுமைக்கு வேலையே கிடையாது. விலையைக் கூட்டி விற்கிற குளூட்டன் ஃப்ரீ பிஸ்கட்டைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஸ்டார்ச்சும் சர்க்கரையும்தான், அதற்கு ஒரு கடலை உருண்டை எவ்வளவோ மேல். இன்னொன்று, உங்களுக்கும் இந்த நோய் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிட்டு டெஸ்ட்டுக்குப் போகாதீர்கள். நிறுத்திவிட்டால் ரிசல்ட் தப்பாக வரலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள்.

எனக்கு இப்போது இருக்கும் ஒரே தலைவலி மாவு மில். கோதுமை அரைத்த மெஷினிலேயே ராகியையும் போட்டால் மெஷினில் தங்கியிருக்கும் மாவு நம் தூக்குக்குத்தான் வந்து சேரும். சிங்காநல்லூர் பக்கம் கோதுமையே அரைக்காத, அல்லது அரிசிக்கும் ராகிக்கும் தனி மெஷின் வைத்திருக்கும் மில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.