ரிச்சி தெருவில் பழைய ட்ரம் மெஷினுக்குப் புதுச் சத்தம்

லண்டனில் என்னிடம் இருப்பது ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ், 1980களின் தொடக்கத்தில் வந்த அமெரிக்க ட்ரம் மெஷின், அதாவது பதிந்துவைத்த தாள வாத்தியச் சத்தங்களை வாசிக்கும் எந்திரம். உள்ளே வாத்தியங்களுக்கென்று தனித்தனி அட்டைகள். அந்த அட்டையில் இருக்கும் ஈப்ராம் (அழித்துத் திரும்ப எழுதக்கூடிய நினைவகம்) சிப்பில்தான் சத்தமே பதிந்திருக்கிறது. சிப்பைக் கழற்றி வேறொன்றைச் செருகினால் ஸ்னேர் ட்ரம் இருந்த இடத்தில் தவில் பேசும்.

சிக்கல் சிப்பில் சத்தத்தை எழுதுவதில். பழைய 2732 ரகத்துக்கு 25 வோல்ட் கொடுத்தால்தான் பதியும், 2732ஏ என்றால் 21. இப்போது மலிவாகக் கிடைக்கும் யுஎஸ்பி புரோகிராமர்கள் (சிப்பில் எழுதும் கருவிகள்) பலவும் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. ஊருக்குப் போகும்போது சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் முடித்துக்கொள்ளலாம் என்று சத்த ஃபைல்களைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டேன். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும்.

முதல் கடையில் வாங்கிய சிப்புகள் புதுசு என்றார்கள். பழைய போர்டிலிருந்து பிடுங்கி, மேலே பெயரை மாற்றி அச்சடித்த சரக்கு. பாதி எழுதவே மறுத்தது. பணம் திரும்பவில்லை, "எழுதுற மெஷின் சரியில்ல சார்" என்ற பதில்தான் வந்தது.

அடுத்த சந்தில், மாடிப்படிக்குக் கீழே ஒரு பெரியவர். பழைய டெஸ்க்டாப், அதைவிடப் பழைய புரோகிராமர், பக்கத்தில் புற ஊதா விளக்குப் பெட்டி.

"தம்பி, மேல இருக்கிற எழுத்த நம்பாதீங்க. சிப்போட காலைப் பாருங்க, பழசுன்னா ஈயம் ஒட்டியிருக்கும்."

"அண்ணே, அழிச்சா தேறுமா?"

"தேறுறது தேறும்."

சிப்பின் நடுவிலுள்ள கண்ணாடி ஜன்னல் வழியே இருபது நிமிடம் வெளிச்சம் காட்டினார். ஒவ்வொன்றும் முழுசாகக் காலியாகிவிட்டதா என்று சோதித்து, எழுதி, திரும்ப வாசித்து ஒப்பிட்டபிறகே கையில் கொடுத்தார். ஜன்னல் மேல் ஸ்டிக்கரும் ஒட்டினார், வெயில் படாமலிருக்க. எழுத்துக் கூலி சிப்புக்கு 150 ரூபாய். நம்மிடம் இந்திய வங்கிக் கணக்கு இல்லையென்றால் ஜிபே பலகை பெரும்பாலும் உதவாது, சில்லறையாக ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் எழுதித் தருவார், அவ்வளவுதான். சத்தத்தைத் தயார் செய்வது நம் பொறுப்பு. சாதாரண வேவ் ஃபைலை அப்படியே ஏற்றினால் இரைச்சல்தான் வரும். இந்த மெஷின் 8 பிட் மியூ-லா என்ற சுருக்கிப் பதியும் முறையில் வாசிக்கிறது. 2732இல் இருப்பது 4,096 பைட். நொடிக்கு 24,000 சாம்பிள், ஒன்றுக்கு ஒரு பைட் என்று கணக்குப் போட்டால் நொடியில் ஆறில் ஒரு பங்குதான். தவில் வலந்தலையில் கூடு போட்ட விரல் விழும் அடி அதற்குள் கச்சிதமாக அடங்கியது. பறையின் அடியும் சரி. உறுமியின் இழுப்புக்கு இடம் போதவில்லை, வெட்டினால் அது உறுமியாகவே இல்லை.

லண்டன் வந்து செருகும்போது சிப்பின் ஒரு முனையிலுள்ள பள்ளமும் சாக்கெட்டின் பள்ளமும் ஒரே பக்கம் இருக்கிறதா என்று இருமுறை பார்த்தேன். தலைகீழாகப் போட்டு மின்சாரம் கொடுத்தால் சிப் போய்விடும். தவில் நன்றாகவே விழுகிறது. உறுமிக்கு இடம் அதிகமுள்ள சிம்பல் (தாளத்தட்டு) அட்டைதான் வழி. அந்த ஃபைலோடு அடுத்த விடுமுறையில் நேராக மாடிப்படிக் கடைக்குத்தான்.