மதமதப்புக்கு விடை தேடி வேலூரில் மூன்று வாரம்

இந்தச் சித்திரையில் இங்கிலாந்திலிருந்து ஊருக்குக் கிளம்பியபோது, பெட்டியில் சாக்லேட்டுகளுக்கு அடியில் ஒரு கோப்பும் இருந்தது. ஒன்றரை வருடமாக என் இரண்டு கால் விரல்களிலும் இருக்கும் மதமதப்புக்காக அங்கே எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவுகள் அதில் இருந்தன. மூன்று மாதச் சர்க்கரை சராசரி, தைராய்டு, வைட்டமின் பி12, சிறுநீரகம் எல்லாமே சரி. நரம்பியல் நிபுணரைப் பார்க்கக் காத்திருப்போர் பட்டியலில் ஏழு மாதமாக என் பெயர் இருக்கிறது, தேதி மட்டும் வரவில்லை. சரி, விடுமுறையிலேயே ஊரில் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். இதே யோசனையோடு ஊருக்குப் போகிற யாருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் போன இடம் சரிப்படவில்லை. பெரிய கட்டடம், பளபளக்கும் தரை. வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறேன் என்று தெரிந்ததும் மரியாதை கூடியது, சீட்டும் நீண்டது. மருத்துவர் என் காலைத் தொட்டுப் பார்க்கவே இல்லை. முதுகெலும்பு முழுவதற்கும் எம்.ஆர்.ஐ., அதோடு ஒரு முழு உடல் பரிசோதனை, மொத்தம் 19,000 ரூபாய்க்கு மேல். எனக்கு முதுகுவலி இல்லை, நடையில் தடுமாற்றம் இல்லை, சிறுநீர் கழிப்பதில் சிக்கல் இல்லை. பிறகு எதற்கு என்று கேட்டால், “எதுக்கும் பார்த்துடலாமே” என்று பதில். பணம் கட்டாமல் வந்துவிட்டேன். விடுமுறையில் வருகிறவனுக்கு நாள் குறைவு, பயம் அதிகம். அந்தப் பயத்தின் மேல் விலைச்சீட்டு ஒட்டுவது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

அப்புறம் சித்தப்பா மகன் சொல்லி, மாலையில் மட்டும் பார்க்கிற ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனேன். துணைக்கு அம்மாவும் வந்தார். கட்டணம் 500 ரூபாய், டோக்கன் 31. ஐந்து மணிக்குப் போய் உட்கார்ந்து எட்டே முக்காலுக்குத்தான் உள்ளே போக முடிந்தது. ஆனால் உள்ளே கிடைத்த அரை மணி நேரத்துக்காக எத்தனை மணி நேரமும் காத்திருக்கலாம்.

மருத்துவர் முதலில் கேட்டது: “மரத்துப்போகுதா, எரியுதா, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கா, இல்ல பஞ்சு மேல நடக்கிற மாதிரியா?” எனக்குத் தொண்டை அடைத்தது. அங்கே இதை ஆங்கிலத்தில் சொல்லும்போதெல்லாம் எல்லா உணர்வுக்கும் ஒரே சொல்லைத்தான் சொல்லியிருக்கிறேன். இங்கே முதல் தடவையாகப் பிரித்துச் சொன்னேன். பகலில் மதமதப்பு, ராத்திரி போர்வை பட்டால் எரிச்சல், எப்போதாவது சுருக்கென்று ஊசி குத்துகிற மாதிரி. அவர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். எரிச்சலும் குத்தலும் பெரும்பாலும் மெல்லிய நரம்பு இழைகளின் வேலை, பஞ்சு மேல் நடப்பது போன்ற உணர்வும் தடுமாற்றமும் தடித்த இழைகளின் வேலை என்று விளக்கினார். உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை என்பதால், பொதுவான நரம்புப் பாதிப்பு பெரும்பாலும் விரல் நுனியில்தான் தொடங்குமாம். அது முழங்கால் வரை ஏறும் காலத்தில் கை விரல்களிலும் ஆரம்பிக்கும் என்றார்.

இசைக்கவையைத் தட்டிப் பெருவிரலில் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று பார்த்தார். நைலான் இழையால் பாதத்தில் பத்து இடத்தில் அழுத்தி, தொடுவது தெரிந்தால் சொல்லச் சொன்னார். பிறகு முழங்கை எலும்புக்குப் பின்னாலும், முழங்காலுக்கு வெளிப்புறமும் நரம்பு தடித்திருக்கிறதா என்று விரலால் உருட்டிப் பார்த்து, முதுகில் தேமல் உண்டா என்றும் கேட்டார். தொழுநோய்க்காகப் பார்க்கிறார் என்று புரிந்ததும் ஒரு கணம் சுருக்கென்றது. பிறகு யோசித்தால், நம் மண்ணில் கேட்டே ஆகவேண்டிய கேள்வி அது. தீர்க்கக்கூடிய நோய், அரசு மருத்துவமனையில் மருந்தும் இலவசம். வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருப்பதில்தான் ஆபத்து.

மறுநாள் நரம்புக் கடத்தல் சோதனை, 3,200 ரூபாய். தோலில் சின்னச் சின்னதாக ஷாக் கொடுத்து, நரம்பில் மின்துடிப்பு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்கிறார்கள். சுண்டினாற்போல் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. ஏ.சி.யில் என் கால் சில்லிட்டிருந்தது. தோல் குளிர்ந்திருந்தால் வேகம் குறைவாகக் காட்டும் என்று, சோதனை எடுத்த தம்பி காலைச் சூடாக்கிவிட்டுத்தான் தொடங்கினார். முடிவு அன்று மாலையே கையில். சரியாக இருந்தது.

சரியாக இருக்கிறது என்றால் எனக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தமா? இல்லை என்றார் மருத்துவர். அந்தச் சோதனை தடித்த இழைகளை மட்டும்தான் பார்க்கும். மெல்லிய இழைகளைப் பார்க்க, கணுக்காலுக்கு மேலிருந்து 3 மி.மீ. அகலத்துக்குத் தோலைக் கிள்ளி எடுத்து நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். “எடுத்தாலும் உங்களுக்கு வைத்தியம் மாறப்போறதில்ல சார். காரணம் இப்போதைக்குத் தெரியல. இப்படித் தெரியாமலே நிறையப் பேருக்கு இருக்கு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கலாம்.” தெரியவில்லை என்று ஒரு மருத்துவர் நேராகச் சொல்லிக் கேட்டது அதுவே முதல் முறை. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

இன்னொன்றும் கேட்டார், என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று. இங்கிலாந்தில் வாங்கியது ஒன்று, அத்தை சொல்லி ஊர் மருந்துக் கடையில் வாங்கிய ‘நரம்பு மாத்திரை’ ஒன்று. இரண்டிலும் வைட்டமின் பி6. அது அதிக அளவில் நீண்ட காலம் உடம்பில் சேர்ந்தால் இதே மதமதப்பை அதுவே உண்டாக்கும் என்றார். இரண்டையும் நிறுத்தினேன். தயவுசெய்து அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். வெந்நீரில் கால் வைப்பதாக இருந்தால், முதலில் முழங்கையால் சூடு பார்க்கவும் சொன்னார். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று மரத்தாலோ, வாய் கோணினாலோ, கால் பலவீனம் நாளுக்கு நாள் மேலே ஏறினாலோ காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தார்.

கிளம்பும்போது அம்மாவைப் பார்த்து, “சர்க்கரை எத்தனை வருஷமாம்மா?” என்றார். இருபது வருடம். செருப்பைக் கழற்றச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, அதே நைலான் இழையை வைத்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அழுத்த அழுத்த இழை வளைகிறது, அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வலது குதிகாலில் பழைய கொப்புளம் ஒன்று. முந்தின வாரம் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் உச்சிவெயிலில் கல்தரை மேல் நடந்தபோது வந்ததாம். எனக்குப் பாதம் எரிந்து நிழலுக்கு ஓடினேன். அம்மா நிதானமாக நடந்து வந்தார், வயதுக்கு என்ன தெம்பு என்று நினைத்தேன். வாராவாரம் போனில் சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்டிருக்கிறேன். கால் சுரணையோடு இருக்கிறதா என்று கேட்டதில்லை. “யாரும் கேக்கல, நானும் சொல்லல. வயசானா அப்படித்தான்னு இருந்துட்டேன் டாக்டரம்மா” என்றார்.

வேலூர் வட்டாரத்துக்கு மரத்த பாதம் புதிதில்லை. 1946-இல் இங்கே வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் காயப்பட்டுக் காயப்பட்டே தேய்கின்றன என்று காட்டினார். 1955-இல் காட்பாடிக்கு அருகே கரிகிரியில் அந்த நோய்க்கென்றே ஆராய்ச்சி மருத்துவமனை தொடங்கியது. அந்தப் பாதங்களைக் காத்த, நுண்துளைகள் கொண்ட மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பைத்தான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் தருகிறார்கள். அம்மாவுக்குக் காலை அளந்து இரண்டு ஜோடி செய்யச் சொன்னோம். ஐந்து நாளில் கிடைத்தது.

வீட்டுக்குள் செருப்பா என்று அம்மா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. கடைசியில், உள்ளே போடுகிற ஜோடி வாசல் தாண்டக்கூடாது, பூஜை அறை முன்னால் கழற்றிவிடுவேன், கோயிலுக்கு இனி காலை ஆறு மணிக்கே போய்வருவேன் என்று ஒத்துக்கொண்டார். நான் திரும்பி வந்து ஒரு மாதமாகிறது. என் விரல்களில் மதமதப்பு அப்படியே இருக்கிறது. ராத்திரி வீடியோ அழைப்பில் அம்மா போனைத் தரையில் சாய்த்து வைத்து, இரண்டு உள்ளங்காலையும் திருப்பிக் காட்டுகிறார். நான் விரல் இடுக்கு வரை பார்த்து முடிக்கிற வரைக்கும் போனை நகர்த்துவதில்லை.