அறுபது வோல்ட் என்று சொல்லித் தந்த சார்ஜர்

போன கிழமை என் மின்சார ஸ்கூட்டரின் சார்ஜர் பழுதாகிவிட்டது. திருத்தக் கொண்டுபோன இடத்தில் நடந்ததுதான் இதை எழுத வைத்தது. இல்லாவிட்டால் இந்த வண்டியைப் பற்றி நல்லதாக மட்டும்தான் எழுதியிருப்பேன். அக்காவின் மகனும் கொஞ்ச நாளாக "சித்தி, நானும் ஒண்டு எடுக்கட்டோ?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கும் சேர்த்துத்தான் இது.

2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனதையும், அந்த விலைக்கும் கிடைக்காமல் வரிசையில் காய்ந்ததையும் யாழ்ப்பாணத்தில் ஒருவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வரிசைதான் என்னை இந்த வண்டி வாங்க வைத்தது. வாங்கிய நாளிலிருந்து ஒரு நாளும் நடுத்தெருவில் விட்டதில்லை. ஏற்றம் இறக்கம் இல்லாத ஊர் என்பதால், கோண்டாவிலிலிருந்து ரவுனுக்குப் போய்வருவதற்குச் சார்ஜைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. சோளகக் காற்றுக்கு எதிரே பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் போனால் மட்டும் சார்ஜ் மளமளவென்று இறங்கும். எண்ணெய் மாற்றும் வேலை இல்லை, பிளக் கழுவும் வேலை இல்லை. விடியப்புறம் ஒழுங்கைக்குள்ளால் சத்தமில்லாமல் போகிற சுகத்தை ஓடிப் பார்த்தால்தான் தெரியும்.

சார்ஜருக்குள் இருந்த சின்ன விசிறி நின்றுபோனதால் அது கை வைக்க முடியாதபடி சுட்டது. கடைத் தம்பி திறந்து பார்த்துவிட்டு, இது இனிச் சரிவராது என்று வேறொன்றை எடுத்து நீட்டினார். "இதுவும் அறுபது வோல்ட்தான் அக்கா. கொண்டுபோய்க் குத்துங்கோ." முனையும் அச்சொட்டாகப் பொருந்தியது. திருப்பிப் பின்னால் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். வெளிவருவது 73 வோல்ட் என்று அச்சடித்திருந்தது. என் பழைய சார்ஜரில் இருப்பது 67.2.

இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. என் பற்றரி நிக்கல், மங்கனீஸ், கோபால்ட் கலந்த வகை. தொடராக 16 செல். ஒவ்வொன்றும் 4.2 வோல்ட் வரைதான் ஏறலாம், மொத்தம் 67.2. அவர் தந்தது லிதியம் இரும்பு பொஸ்பேற் வகைக்குரியது. அதில் 20 செல், ஒவ்வொன்றுக்கும் 3.65, மொத்தம் 73. கடைப் பேச்சில் இரண்டும் அறுபது வோல்ட் பற்றரி. அந்த 73ஐ என் 16 செல்லுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு நாலரை வோல்ட்டுக்கு மேல் வருகிறது. அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் உள்ளே லிதியம் உலோகமாகப் படியத் தொடங்கும், செல் சூடாகும். ஒரு கட்டத்துக்குப் பிறகு அந்தச் சூடே மேலும் சூட்டை உண்டாக்கும். ஒரு செல் வெடித்தால் பக்கத்துச் செல்லும் பிடித்துக்கொள்ளும். எரிவதற்கான ஒட்சிசனில் ஒரு பங்கு செல்லுக்குள்ளிருந்தே வருவதால், சாக்கைப் போட்டு மூடி அணைக்கவும் முடியாது. நிறையத் தண்ணீர் அடித்துக் குளிர வைக்க வேண்டும். அணைந்த பிறகும் மணித்தியாலங்கள் கழித்துத் திரும்பப் பற்றலாம்.

இதைச் சொன்னபோது தம்பி, "உள்ளுக்கு இருக்கிற போர்ட் வெட்டிப்போடும் அக்கா, ஒண்டும் நடக்காது" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. பற்றரிக்குள் இருக்கும் காவல் போர்ட் அளவு மிஞ்சினால் வெட்டத்தான் செய்யும். ஆனால் அது கடைசிக் காவல். ஒவ்வொரு இரவும் அதையே நம்பிச் சார்ஜ் போட அது செய்யப்படவில்லை. அதில் கரண்டை வெட்டும் மொஸ்பெற் என்கிற சின்ன மின் சுவிச் பழுதாகும்போது பெரும்பாலும் கரண்டை விட்டபடியே பழுதாகும். பிறகு வெட்டுவதற்கு எதுவும் இல்லை. வீட்டு ட்றிப் சுவிச்சும் இதற்கு உதவாது. அது கரண்ட் கசிவைத்தான் பிடிக்கும், பற்றரி நிறைந்ததா மிஞ்சியதா என்று அதற்குத் தெரியாது.

2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் இரவில் எரிந்து, புகையில் ஒரு தகப்பனும் மகளும் இறந்துபோனார்கள். அதே வருடம் செப்டெம்பரில் செகந்திராபாத்தில், மின்சார ஸ்கூட்டர் விற்கும் கடையில் பிடித்த தீயின் புகை மேலிருந்த விடுதிக்குள் ஏறி எட்டுப் பேர் செத்தார்கள். இரண்டு இடத்திலும் ஆளைக் கொன்றது புகை. எங்கள் வீடுகளில் வண்டியை எங்கே விடுகிறோம்? முன் விறாந்தையில், வாசற்கதவுக்கு நேரே. வெளியே ஓட வேண்டிய வழியில். நான் ஆரம்பத்திலிருந்தே முற்றத்துத் தகரக் கொட்டிலுக்குள், நேரே சுவர்ப் பிளக்கில், நித்திரைக்கு முதல் கழற்றுகிற மாதிரித்தான் போடுகிறேன். மல்ரி பிளக்கில் ஒருநாளும் போடுவதில்லை. 2024 நவம்பர் வெள்ளத்தில் முற்றத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கியதுமே பற்றரியைக் கழற்றி மேசைக்கு மேலே வைத்துவிட்டேன். பற்றரிக்குள் தண்ணீர், அதுவும் உப்புத் தண்ணீர், போனால் நாட்கள் கழித்தும் தீப்பிடிக்கும்.

நோர்வேயில் இருக்கும் அண்ணா நான் பயப்படுத்துகிறேன் என்கிறார். அங்கே 2024இல் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பதளவு மின்சாரக் கார்தான்; பெற்றோல், டீசல் கார்கள்தான் கூட எரிகின்றன என்பதும் உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே எந்தக் கடையிலும் முனை பொருந்துகிற ஏதோ ஒரு சார்ஜரை எடுத்து நீட்டமாட்டார்கள். என் கோபம் பற்றரியோடு இல்லை. அந்தக் கடையில் என் கண்முன்னே இன்னொரு பிள்ளை, பள்ளிக்கூடச் சீருடையோடு, அதே மாதிரிச் சார்ஜர் ஒன்றைக் காசு குடுத்து வாங்கிக்கொண்டு போனது. அவளின் பற்றரி என்ன வகை என்று தம்பி கேட்கவேயில்லை. நான்தான் கூப்பிட்டு, பின்னாலிருக்கும் எண்ணைப் பழைய சார்ஜரோடு ஒப்பிட்டுப் பார் பிள்ளை என்று சொல்லி அனுப்பினேன்.

இவ்வளவு நல்ல வண்டியை வைத்துக்கொண்டும் அக்காவின் மகனுக்கு நான் சொன்ன பதில், இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான். அவர் கொக்குவிலில் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறார். சார்ஜ் போட இருக்கிற ஒரே இடம் படிக்கட்டுக்குக் கீழே; இறங்கவும் அந்த ஒரு வழிதான். கீழ் வீட்டுக்காரர் வெளியே பிளக் ஒன்று அடித்துத் தந்தால் திரும்ப யோசிக்கலாம். என் வண்டியை விற்கிற எண்ணம் இல்லை. 67.2 வோல்ட் சார்ஜருக்குக் கொழும்புக்குச் சொல்லியிருக்கிறேன். அது வரும்வரை பஸ்ஸில்தான் வேலைக்குப் போய்வருகிறேன்.