கசகசா பன்னும் காந்தாரி மிளகாயும்: சிகாகோவில் நான் தின்ற ஹாட் டாக்குகள்

ரிவர் குரோவில் இருக்கும் ஜீன் அண்ட் ஜூட்ஸ் கடைக்குள் நுழைந்ததும் முதலில் காதில் விழுவது உருளைக்கிழங்கு வெட்டும் சத்தம். ஒரு பையன் இரும்புக் கைப்பிடியைப் பிடித்து இழுக்கிறான். முழுக் கிழங்கு சட்டத்துக்குள் போய் விரல் விரலாகக் கீழே கொட்டுகிறது. பக்கத்தில் கிழங்கு மூட்டைகள். உட்கார நாற்காலி கிடையாது, சுவரோரம் நின்று தின்ன ஒரு பலகை உண்டு. கெட்சப் கேட்டாலும் கிடையாது. 1946-இல் தொடங்கிய ஹாட் டாக் கடை. சிகாகோவுக்கு மேற்கே ஒட்டியிருக்கிற இந்தச் சின்ன ஊருக்கு நான் காரை ஓட்டிக்கொண்டு போவது இதற்காக மட்டும்தான்.

நான் மார்த்தாண்டத்துக்காரி. மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை, பாதி மாதம் இரவுப் பணி. எங்கள் ஊரில் மாட்டிறைச்சி சாதாரண வீட்டுச் சாப்பாடு. அதனால் ஹாட் டாக்கில் இருப்பது மாட்டிறைச்சி என்று கேட்டு எனக்குத் தயக்கம் எதுவும் வரவில்லை. ஆனால் வந்த புதிதில் அதை ஒரு உணவாகவே நான் மதிக்கவில்லை என்பதும் உண்மை. அலுவலகக் கூட்டங்களில் அலுமினியத் தட்டில் ஆறிக் கிடக்கும், மேலே சிவப்பாக இனிப்புச் சாறு. அதைத்தான் ஹாட் டாக் என்று நினைத்திருந்தேன். பிப்ரவரி மாதத்து இரவு ஒன்றில் கூட வேலை செய்பவர் ஒருவர் என்னை ரிவர் குரோவுக்குக் கூட்டிப் போன பிறகுதான் அந்த எண்ணம் மாறியது.

அங்கே கொடுப்பது இப்படி: ஆவியில் வெந்த பன், ஒல்லியான சாசேஜ் (அரைத்த இறைச்சியைக் குழல்போல அடைத்தது), மஞ்சள் கடுகு விழுது, ரெலிஷ் (பொடியாக நறுக்கிய இனிப்பு வெள்ளரி ஊறுகாய்), நறுக்கிய வெங்காயம், வினிகரில் ஊறிய சின்னப் பச்சை மிளகாய். அதன்மேல் எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த உருளைக்கிழங்கு ஃப்ரைஸ் ஒரு கைப்பிடி. எல்லாவற்றையும் ஒரே காகிதத்தில் சுருட்டிக் கையில் தந்துவிடுவார்கள். ‘டபுள்’ என்றால் ஒரே பன்னில் இரண்டு சாசேஜ். நான் எப்போதும் டபுள்தான் வாங்குவேன். ஒன்று மட்டும் இருந்தால் ஃப்ரைஸின் மாவுத்தன்மை சாசேஜை மூடிவிடுகிறது.

பிரித்தவுடன் தின்னாதீர்கள் என்று அந்த நண்பர் சொன்னார். இரண்டு நிமிடம் காகிதத்துக்குள்ளேயே விட்டுவிட வேண்டும். ஃப்ரைஸின் சூட்டில் உள்ளே ஆவி கட்டி, பன் இன்னும் மெத்தென்று ஆகும். உப்பு கீழே இறங்கும். ஃப்ரைஸின் மொறுமொறுப்பு கொஞ்சம் போகும், போகட்டும். பிறகு கடித்தால் சாசேஜின் தோல் பல்லுக்குக் கீழே ‘டப்’ என்று விடுகிறது, சாறு வருகிறது. நான் அந்தக் கடைக்கு அடிமையானது அந்தச் சத்தத்துக்காக.

அந்தத் தோல் உண்மையான குடல்தோல், பெரும்பாலும் செம்மறி ஆட்டினுடையது. குடல் குழம்பு தின்று வளர்ந்தவர்களுக்கு இதில் அருவருப்பு கொள்ள ஒன்றுமில்லை. சூப்பர்மார்க்கெட்டில் விற்கும் பெரும்பாலான சாசேஜ்களுக்கு இந்தத் தோல் இருக்காது. செயற்கை உறைக்குள் வேகவைத்து, பிறகு உறையை உரித்து எடுத்துவிடுகிறார்கள். அதனால்தான் அவை வாயில் வைத்தால் ரப்பர் போலவோ களி போலவோ இருக்கின்றன.

இந்த ஊரில் ஹாட் டாக் இப்படி ஆனதற்குக் காரணங்கள் இருக்கின்றன. 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் எமில் ரைஷல், சாமுவேல் லடானி என்ற இரண்டு குடியேறிகள் மாட்டிறைச்சி சாசேஜ் விற்றார்கள். ஆஸ்திரிய-ஹங்கேரியிலிருந்து வந்தவர்கள். அவர்கள் தொடங்கியதுதான் வியன்னா பீஃப் நிறுவனம். இன்றும் சிகாகோவின் தெருக் கடைகளில் பாதிக்கு மேல் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்கலாம். பிறகு பொருளாதார மந்தம் வந்த காலத்தில் மேக்ஸ்வெல் தெருவில் ஐந்து சென்ட்டுக்கு ஹாட் டாக் விற்றார்கள். அந்தக் காசுக்கு வயிறு நிறைய வேண்டுமே, அதனால் காய்கறிகளையும் அதன் மேலேயே ஏற்றிவிட்டார்கள். தக்காளி, வெங்காயம், வெள்ளரிக்காய் ஊறுகாய், மிளகாய் எல்லாம் பன்னுக்குள் வந்தது இப்படித்தான். தோட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு போன ஹாட் டாக் என்றே அதைச் சொல்கிறார்கள். கையில் காசு குறைந்தவர்களுக்காக உண்டான சாப்பாடு என்று தெரிந்த பிறகு எனக்கு அதன்மேல் மரியாதை கூடியது.

இரண்டாவது கடை, டெவன் அவென்யூவில். சிகாகோ வட்டாரத்துத் தமிழர்களுக்கு அந்தத் தெருவைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முருங்கைக்காயும் மரச்சீனிக் கிழங்கும் கறிவேப்பிலையும் வாங்க வாரக்கடைசியில் நாம் போகிற தெருதான். அதே தெருவில் மேற்கே நான்கைந்து மைல் போனால், மில்வாக்கி அவென்யூவை வெட்டும் இடத்தில், கூரைமேல் இரண்டு பெரிய ஹாட் டாக் பொம்மைகள் நிற்கும். ஒன்று ஆண், ஒன்று பெண், ஆளுக்குப் பன்னிரண்டு அடி உயரம். அதுதான் சூப்பர்டாக். மோரி, ஃப்ளோரி பெர்மன் தம்பதி 1948-இல் தொடங்கியது. பொம்மைகளுக்கும் அவர்கள் பெயர்தான். ஆறு வருடம் டெவனில் அரிசி வாங்கிக்கொண்டு திரும்பிவிட்ட எனக்கு, ஒருநாளாவது நேராக மேற்கே ஓட்டிப் பார்க்கத் தோன்றவில்லையே என்று இப்போதும் வருத்தம்.

இங்கே காரை விட்டு இறங்க வேண்டாம். காருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒலிபெருக்கியில் சொன்னால், தட்டோடு வந்து ஜன்னலில் மாட்டிவிட்டுப் போவார்கள். ஒரு சின்ன அட்டைப்பெட்டி. உள்ளே நெளிநெளியாக வெட்டிய ஃப்ரைஸ் மெத்தைபோலக் கிடக்க, அதில் ஹாட் டாக் படுத்திருக்கும். சாசேஜ் ஜீன் அண்ட் ஜூட்ஸில் இருப்பதைவிடத் தடிமன், மசாலா மணமும் கூடுதல். கசகசா தூவிய பன். தக்காளிப் பழத்துக்குப் பதில் ஊறுகாய் போட்ட பச்சைத் தக்காளித் துண்டு ஒன்று வைக்கிறார்கள். எனக்கு அந்தத் துண்டு மிகவும் பிடிக்கும். பழுத்த தக்காளி பன்னை நனைத்துவிடும், இது அப்படிச் செய்வதில்லை.

போன கோடையில் அம்மா வந்திருந்தபோது டெவன் கடைகளை முடித்துக்கொண்டு அங்கே கூட்டிப் போனேன். அம்மா பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்த்து, “எதுக்கு மக்ளே ஒரு ரொட்டிக்குள்ள இவ்வளவு சாதனம்?” என்று கேட்டார்கள். பிறகு மிளகாயை மட்டும் தனியாகக் கடித்தார்கள். “இது நம்ம காந்தாரியில்லா! வினாகிரில போட்டு வச்சிருக்கு.” சரியான காந்தாரி அல்ல, ஸ்போர்ட் பெப்பர் என்று பெயர், எரிவும் குறைவு. ஆனால் அம்மா சொன்னதில் பொருள் இருந்தது. எங்கள் வீட்டில் காந்தாரியை வினிகரிலும் உப்பிலும் ஊறப்போட்டு, கிழங்குக்கும் மாட்டிறைச்சிக்கும் தொட்டுக்கொள்வோம். கொழுப்புள்ள இறைச்சிக்குப் பக்கத்தில் புளிப்பும் எரிவும் வேண்டும் என்பதை இரண்டு ஊர்க்காரர்களும் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

சிகாகோ ஹாட் டாக்கில் கெட்சப் ஏன் கூடாது என்று பலரும் கேட்கிறார்கள். இது வெறும் உள்ளூர் வீம்பு என்று நான் நினைக்கவில்லை. ரெலிஷில் ஏற்கெனவே இனிப்பு இருக்கிறது. ஊறுகாயிலும் மிளகாயிலும் புளிப்பு இருக்கிறது. தக்காளி முழுசாகவே உட்கார்ந்திருக்கிறது. கெட்சப் ஊற்றினால் அதன் சர்க்கரை கடுகின் காரத்தை மழுங்கடித்து, எல்லாம் ஒரே ருசியாகிவிடும். 2017-இல் ஹைன்ஸ் நிறுவனம் தன் கெட்சப்பை ‘சிகாகோ டாக் சாஸ்’ என்று பெயர் மாற்றி விற்றுப் பார்த்தது. இந்த ஊர்க்காரர்கள் கெட்சப்பைத் தள்ளிவைப்பது அந்த நிறுவனத்துக்கும் அவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டுமானால் தொட்டுக்கொள்ளக் கொடுங்கள், அதில் தப்பில்லை.

போர்ட்டிலோஸ் என்ற கடைத்தொடர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1963-இல் வில்லா பார்க்கில் 1,100 டாலர் முதலீட்டில், ஒரு சின்ன வண்டிக்கூண்டில் தொடங்கியது இன்று பல மாநிலங்களில் இருக்கிறது. வியன்னா பீஃப் சாசேஜ், கசகசா பன், எல்லாக் காய்களும் முறைப்படி இருக்கும். உட்கார மேசை இருக்கிறது, கை கழுவ இடம் இருக்கிறது. குடும்பத்தோடு வெளியூரிலிருந்து வருபவர்களை நான் முதலில் கூட்டிப் போவது இங்கேதான்.

மோசமானதையும் தின்றிருக்கிறேன். நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில் சாசேஜ் கொதிக்கும் தண்ணீரில் கிடந்து வெடித்துப் பிளந்திருந்தது. சாறெல்லாம் தண்ணீருக்குப் போய்விட்டது. பன் குளிர்பெட்டியிலிருந்து நேராக வந்தது. வீட்டிலும் நாம் கெடுப்பது இதே இரண்டு இடத்தில்தான்: தண்ணீர், பன். மற்றதெல்லாம் கடையில் வாங்கிவிடலாம்.

நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். குடல்தோல் உள்ள சாசேஜ் என்று கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் தோலில்லாததைத் தவாவில் லேசாக உருட்டி நிறம் வரவைத்தால் ஓரளவு ஈடாகும். பாத்திரத்தில் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் கழித்து சாசேஜைப் போட்டு மூடிவிடுவேன். பத்துப் பன்னிரண்டு நிமிடம். அவை ஏற்கெனவே வெந்தவைதான், உள்ளே நன்றாகச் சூடேறினால் போதும். தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தால் தோல் வெடிக்கும்.

பன்னுக்கு இட்லிப் பாத்திரம். தட்டில் ஈரத்துணி விரித்து, தண்ணீர் ஆவி வந்ததும் பன்னை வைத்து மூடி, நாற்பது எண்ணி எடுத்துவிட வேண்டும். ஒரு நிமிடம் தாண்டினால் அடிப்பாகம் ஈரமாகிக் கிழியும். மைக்ரோவேவில் வைத்தால் முதலில் மெத்தென்று இருந்து, தின்று முடிப்பதற்குள் தோல்போல இழுக்கும். கசகசா பன் இங்கே எஸ். ரோசன்ஸ் என்ற பெயரில் கிடைக்கிறது. கிடைக்காத ஊரில், சாதா பன்மேல் முட்டை வெள்ளையைத் தடவி, கசகசா தூவி, இரண்டு மூன்று நிமிடம் ஓவனில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும்.

அடுக்கும் வரிசையும் முக்கியம். முதலில் கடுகு, சாசேஜின் மேல் நேராக. பிறகு ரெலிஷ், வெங்காயம். தக்காளித் துண்டுகளை ஒரு பக்கம் பன்னுக்கும் சாசேஜுக்கும் நடுவில் செருக வேண்டும். நீளமாக வெட்டிய வெள்ளரி ஊறுகாய் மறுபக்கம். மிளகாய் இரண்டு. கடைசியில் செலரி உப்பு, அதாவது செலரி என்ற கீரையின் விதையும் உப்பும் சேர்த்த பொடி. இந்த உப்பை விட்டுவிடாதீர்கள், சிகாகோ மணம் இதில்தான் இருக்கிறது. செலரி விதையை வாங்கி, ஒரு பங்கு விதைக்கு இரண்டு பங்கு உப்பு சேர்த்துப் பொடித்தால் ஆயிற்று. பார்க்க ஓமம் போலவே இருக்கிறதே என்று ஓமத்தைப் போட்டுப் பார்த்தேன். ஓமம் மற்ற எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறது, சரிவராது.

மாட்டிறைச்சி தின்னாத ஒரு தோழிக்குக் கோழி சாசேஜில் இதே முறையில் செய்துகொடுத்தேன். நன்றாகவே இருந்தது, ஆனால் கோழியில் கொழுப்பு குறைவு என்பதால் ரெலிஷைக் குறைத்து வெங்காயத்தைக் கூட்ட வேண்டியிருந்தது.

இன்னும் இரண்டு விஷயம், இவற்றைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. நான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு சாசேஜை வட்ட வட்டமாக வெட்டிக் கொடுக்கவே கூடாது. தொண்டையில் சரியாகப் போய் அடைத்துக்கொள்ளும் அளவு அது. நீளவாக்கில் நான்காகப் பிளந்து, பிறகு பொடியாக நறுக்குங்கள். அடுத்தது, பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் வகைப்படுத்தியிருக்கிறது. நான் வேலை பார்க்கும் இடத்தில் அதை மறந்துவிட முடியாது. எங்கள் வீட்டில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மட்டும்தான் ஹாட் டாக். அந்த ஒரு நாளுக்கு நல்ல சாசேஜாக வாங்கி, அவசரப்படாமல் செய்வோம். என் மகனுக்கு ஒன்பது வயது, ஆவியில் பன் வைத்து நாற்பது எண்ணுவது அவன் வேலை.

ரிவர் குரோவுக்குப் போகிறவர்கள் மதிய நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள், வரிசை வாசலுக்கு வெளியே வந்துவிடும். எனக்குப் பிடித்த நேரம் இரவுப் பணிக்குப் போகும் முன், கூட்டம் கொஞ்சம் தணிந்திருக்கும் மாலை. வீட்டில் செய்தால் செலரி உப்பு எப்படியும் மீந்துபோகும். அதை மூடி வைத்திருந்து, வேகவைத்த மரச்சீனிக் கிழங்கின்மேல் சூட்டோடு தூவித் தின்று பாருங்கள்.